வீட்டுத் துணி

மழை பிடித்து ஒன்பது நாளாகிவிட்டது. மற்றவர்களுக்கு மழை என்றால் குடை, சளி, கூட ஒரு டீ, அதோடு சரி. சலவைக் கடை வைத்திருப்பவர்களுக்கு அது வயிற்றுப் பிழைப்பில் கை வைக்கிற சமாச்சாரம். மாடியில் கட்டியிருந்த பன்னிரண்டு கொடிகளும் சொட்டிக்கொண்டிருந்தன. உலர்த்துகிற மெஷின் ஒன்றே ஒன்றுதான், அதுவும் கிழடு. எட்டு விரிப்புக்கு மேல் போட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். ஓட்டலிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் சுவரோரம் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கடைக்குள் ஈரத்துணி நாற்றம், சோப்பு நாற்றம், இஸ்திரிச் சூட்டில் ஆவியாகும் கஞ்சியின் வாடை. இந்த மூன்றும் இல்லாத காற்றை அவள் கடைசியாக எப்போது சுவாசித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதினேழு வயதிலிருந்து அதே இஸ்திரி மேசைக்குப் பின்னால் நிற்கிறாள். முன்னால் கவுண்டரில் அம்மா, முழங்கால் வலியோடும் ஊர் வம்போடும். பின்கட்டில் இரண்டு மெஷின்களோடு அண்ணன். அண்ணனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, கேப்டன் என்றுதான். பள்ளியில் பந்து அணிக்குத் தலைவனாக இருந்து மூன்று வருடம் தொடர்ந்து கோப்பை வாங்கிக் கொடுத்தவன். அந்த மூன்று வருடம் பள்ளியே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. பிறகு கீழே இறக்கி வைத்ததை அவனிடம் யாரும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வயதிலும், தெருவில் போகிற ஏதாவது வண்டிக்காரன் "என்ன கேப்டன்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், குனிந்து மெஷினில் துணி திணித்துக்கொண்டிருப்பவனின் முதுகு தானாக நிமிரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

பத்தாம் வகுப்பில் ஒரு வருடம் கோட்டை விட்டதால் அண்ணன் தங்கையோடு ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தான். அது அவனுக்கு ஒரு குறையாகவே இல்லை. புதிய வகுப்புக்கு வந்த இரண்டாம் நாளே பாதிப் பெண்கள் அவனுடைய நோட்டில் பாடம் எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

அந்த வருடம்தான் அந்தப் பட்டியல் வந்தது. பள்ளிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், ஒரு திங்கட்கிழமை காலை அது இருந்தது. வகுப்பில் மொத்தம் முப்பத்தொரு பெண்கள். முப்பத்தொரு பேரையும் யாரோ வரிசைப்படுத்தி எண் போட்டு எழுதியிருந்தார்கள். தலைப்பு ஒன்றும் இல்லை, அது தேவைப்படவும் இல்லை. கீழே, கடைசியில், முப்பத்தொன்று என்ற எண்ணுக்கு எதிரே அவள் பெயர் இருந்தது.

அன்று மத்தியானத்துக்குள் அவள் பெயரே அதுவாகிவிட்டது. "முப்பத்தொண்ணு, நோட்டு குடு." "முப்பத்தொண்ணு, தள்ளி உக்காரு." பள்ளியில் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு மாதத்தில் எழுத்து மேலே கசிந்து வந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தது. அவள் பள்ளியை விட்டுப் போகிற நாள் வரை அது மங்கலாக அங்கேயே இருந்தது.

இதோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்துப் போயிருப்பாள். பத்து நாள் கழித்து அவளுடைய புத்தகப் பைக்குள் ஒரு கடிதம் இருந்தது. உன்னைப் பிடித்திருக்கிறது, சனிக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வா என்று. அவள் போனாள். தலைக்குக் குளித்து, இருப்பதில் நல்லதைப் போட்டுக்கொண்டு போனாள். சிமெண்ட் பெஞ்சில் ஏழு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உள்ளே வந்ததும் அவளுடைய ஒவ்வொரு அடிக்கும் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். ஒண்ணு, ரெண்டு, மூணு. பன்னிரண்டாவது அடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கால்கள் நிற்கவில்லை, அவை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தன. முப்பத்தொண்ணு வந்ததும் ஏழு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவள் அந்த இடத்திலேயே திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து, தனக்காக ஒருவர் காத்திருக்கிற இடத்துக்கு நடந்து போகும்போதெல்லாம் அவள் தலைக்குள் அந்த எண்ணிக்கை ஓடும். டாக்டர் அறைக்குப் போனாலும் ஓடும், பாங்கியில் கூப்பிட்டாலும் ஓடும். இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு ஆண்கள் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார்கள். இருவருக்கும் முடியாது என்றாள். அவர்கள் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம், வேறொன்றுமில்லை. அம்மாவுக்கு இந்தக் காரணம் தெரியாது. பெண்ணுக்குத் திமிர் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

பட்டியலில் முதல் பெயர் யாருடையதோ அவளையே கேப்டன் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டான். ஒன்பது வருடம் வாழ்ந்தாள். தினமும் கைதட்டல் எதிர்பார்க்கிற மனிதனோடு என்னால் முடியவில்லை என்று சொல்லி, மகளையும் கூட்டிக்கொண்டு நாலு வருடத்துக்கு முன் போய்விட்டாள். கெட்டவள் இல்லை. அண்ணி இருந்தவரை இவளுக்குத் தலைவலி என்றால் அவள்தான் இஸ்திரியை வாங்கிக்கொள்வாள்.

இப்படி இருக்கையில்தான் லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எட்டு மாதமாகப் புதன்கிழமை தோறும் நாலு சாம்பல் நிறச் சட்டைகளோடு வருவார். முகத்தை அவள் சரியாகப் பார்த்தது மூன்றாவது மாதத்தில்தான், அதற்கு முன்பே சட்டைகளை வைத்து ஆளைத் தெரிந்துவிட்டது. சலவைக்காரர்களுக்கு மனிதர்கள் அப்படித்தான் அறிமுகமாவார்கள். வலது கை மடிப்பில் கிரீஸ், இடது கையில் இல்லை. காலர் மடிப்பில் அழுக்குக் குறைவு, ஆகவே தினமும் குளிக்கிறவர். பையில் திருகாணிகள், பஸ் டிக்கெட், ஒருமுறை உருகி ஒட்டிக்கொண்ட பெப்பர்மிண்ட். எல்லாவற்றையும் ஒரு சின்னக் கவரில் போட்டுச் சட்டையோடு திருப்பிக் கொடுப்பாள். மூன்றாவது பொத்தான் எப்போதும் நூலில் தொங்கும். ஒருநாள் கேட்காமலேயே அதைத் தைத்துவிட்டாள். அடுத்த புதன் அவர், "பொத்தான் நீங்க தச்சதா?" என்றார். "ஆமா, சும்மாதான்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு சட்டையில் ஏதாவது ஒரு பொத்தான் தொங்க ஆரம்பித்தது. ஒரு மனிதனுக்கு அவ்வளவு பொத்தான் அறுந்து விழாது என்று தெரிந்தும் அவள் எல்லாவற்றையும் தைத்தாள்.

இந்தப் புதன்கிழமை, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வந்து நின்றார். அம்மா கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். கேப்டன் பின்கட்டில் இருந்தான்.

"இன்னும் காயலைங்க. நாளைக்கு வாங்க" என்றாள் அவள், நிமிராமல்.

"அவசரம் இல்ல." அவர் போகவில்லை. "ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கிழமை வேலை உண்டா உங்களுக்கு?"

"எங்களுக்கு எந்தக் கிழமைதான் இல்ல?"

"ஒரு டீ குடிக்கலாமான்னு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல பேக்கரி இருக்கே, அங்க. நாலு மணிக்கு."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டது. அவள் வெடுக்கென்று தூக்கினாள். நாலு மணி, பஸ் ஸ்டாண்ட். தெரிந்தேதான் சொல்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். மழையில் நனைந்த, களைத்த, நாற்பதை நெருங்கும் ஒரு முகம், அவ்வளவுதான்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? பேசத்தான். ரெண்டு மாசத்துல நான் வேற ஊருக்குப் போறேன். புது ஆஸ்பத்திரி கட்டறாங்க, ஆறு லிஃப்ட். அங்கேயே தங்கிப் பாத்துக்கற வேலை. அதுக்குள்ள உங்ககிட்டப் பேசணும்னு தோணுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். உங்களுக்கு என்னை ஞாபகம் இல்லைன்னு நினைக்கிறேன்."

"எட்டு மாசமா வர்றீங்களே."

"அதில்ல. ஸ்கூல்ல. நான் உங்க கிளாஸ்தான். கடைசி பெஞ்சு, ஜன்னலோரம்."

அவள் யோசித்தாள். ஜன்னல் ஞாபகம் வந்தது, ஜன்னலோரத்தில் யாரும் வரவில்லை.

"பரவாயில்ல. யாருக்குமே ஞாபகம் இருக்காது" என்றார் அவர், வருத்தமில்லாமல். "அந்த லிஸ்ட் எழுதினப்ப நான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம், தொட்டிகிட்ட. எழுதறதுக்கு ஏறி நின்ன பெஞ்சு ஆடுச்சு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன். அதைச் சொல்லாம உங்க கூட உக்காந்து டீ குடிச்சா நல்லா இருக்காது."

"யார் எழுதினது?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. மழைக்கோட்டின் பொத்தானைத் திருகினார்.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார். "இத்தனை வருஷம் ஒரே வீட்டுல..."

பின்கட்டில் மெஷின் தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது. கேப்டன் ஏதோ பழைய பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருந்தான்.

"நீங்க ஏன் பிடிச்சீங்க பெஞ்சை?" என்றாள் அவள் கடைசியில்.

"பிடிக்கலைன்னா அந்தக் கூட்டத்துல என்னை நிக்க விட்டிருக்க மாட்டாங்க. அவ்வளவுதாங்க காரணம். பெருசா ஒண்ணும் இல்ல. பெருசா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"போயிட்டு வாங்க."

"ஞாயித்துக்கிழமை நான் அங்க இருப்பேன். நீங்க வந்தாலும் வராட்டியும்."

"போயிட்டு வாங்கன்னேன்."

அவர் போனார். அவருடைய நாலு சட்டைகளும் கொடியில் ஈரத்தோடு இருந்தன.

அன்று முழுவதும் அவள் வேலை செய்தாள். வேறு என்ன செய்வது? ஓட்டல்காரனுக்கு இவள் மனசு தெரியுமா? ஆனால் கை ஒரு பக்கம் ஓட, நினைவு ஒரே ஒரு சட்டைக் கையைச் சுற்றிச் சுற்றி வந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த நாள், வீட்டுத் துணியைத் துவைத்தவள் அவள்தான். அண்ணனுடைய சட்டையின் வலது கைப்பட்டியில் கருப்பாக ஒரு தீற்றல் இருந்தது. துணிக்கு அடையாள எண் போடுகிற மை. இப்போது சீட்டு அடித்துத் தைக்கிறார்கள். அப்போதெல்லாம் கடையை நடத்திய அப்பா ஒரு புட்டியில் அந்த மையை வைத்திருப்பார், குச்சியால் தொட்டுத் துணியின் ஓரத்தில் எண் எழுதுவார். துணி கிழியும், அந்த மை போகாது. சுண்ணாம்பை மீறிக் கசிந்து வந்ததும் அதனால்தான். ஊரில் வேறு யார் வீட்டிலும் அந்த மை கிடையாது.

எலுமிச்சையும் உப்பும் போட்டு அரை மணி நேரம் அந்தக் கறையைத் தேய்த்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எண்ணெய்க் கறையா, ரத்தமா, துருவா, எந்தக் கறை எங்கிருந்து வந்தது என்று முகர்ந்து பார்த்துச் சொல்கிற வீட்டில் பிறந்தவள். அந்த ஒரு கறையை மட்டும் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவே இல்லை. தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தாள். அதை நினைக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

வியாழன் ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளியும் இல்லை. அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள்.

"என்னடி, ரெண்டு நாளா வாயில பூட்டு? அந்த லிஃப்ட்காரன் சட்டைக்கு வரவே இல்ல. ஏதாச்சும் எரிஞ்சு விழுந்தியா?"

"இல்லம்மா."

"நல்ல ஆளு. குடையை வாசல்லயே மடக்கி வச்சுட்டு உள்ள வர்ற ஒரே கஸ்டமர் அவன்தான். ஞாயித்துக்கிழமை டீ குடிக்கக் கூப்பிட்டானாமே?"

அவள் திடுக்கிட்டாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணுக்குத்தானே மருந்து விட்டேன், காதுக்கா விட்டேன்?" என்றாள் அம்மா. பட்டியல் பற்றிய பேச்சும் காதில் விழுந்ததா என்று அவள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. "முப்பத்தெட்டு வயசுல ஒரு டீக்கு இவ்வளவு யோசனை. குடிச்சா குடி, குடிக்காட்டிப் போ. இங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காதே, விரிப்பெல்லாம் சுருங்குது."

சனிக்கிழமை காலை விரிப்புகளை மடிக்க உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தார்கள் என்றால் பேச்சுக்குத்தான், அந்த வேலையை நின்றுதான் செய்ய வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நின்று, இழுத்து, உதறி, பாதியாக மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் ஒரு விரிப்பைக்கூட மடிக்க முடியாது. அன்று எழுபது விரிப்புகள் இருந்தன.

நாலாவது விரிப்பில் முனைகள் சேர்ந்தபோது அவள் கேட்டாள்.

"தொட்டிச் சுவத்துல எழுதினது நீதானா?"

கேப்டன் கையிலிருந்த முனையை விடவில்லை. எந்தத் தொட்டி, என்ன சுவர் என்றெல்லாம் கேட்டு நேரத்தைக் கடத்தவும் இல்லை. அந்த மட்டில் அவனுக்கு ஒரு மரியாதை.

"யார் சொன்னா?"

"பெஞ்சைப் பிடிச்சவர்."

அவன் பின்னால் நகர்ந்தான். அடுத்த விரிப்பை எடுத்தார்கள். இழுத்தார்கள், உதறினார்கள்.

"முப்பது பேர் எழுதிட்டேன்" என்றான், நாலு கஜம் தள்ளி நின்றுகொண்டு. "உன்னை எழுதவே இல்ல நான். என் தங்கச்சியை நான் எதுக்கு எழுதறேன்? ஒருத்தன் கேட்டான், ஏன் கேப்டன், உன் வீட்டுப் பொண்ணு மட்டும் ஸ்பெஷலான்னு. எல்லாரும் பாத்துட்டு நின்னானுங்க. சரின்னு கீழ எழுதிட்டேன்."

"கீழன்னா, கடைசில."

"நம்ம வீட்டுத் துணியை எப்ப போடுவோம்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. முனைகளைச் சேர்க்க நடந்து வந்தவள் பாதியில் நின்றாள்.

"அப்பா என்ன சொல்லுவாரு? வந்த துணி எல்லாம் முடியட்டும், வீட்டுத் துணி கடைசி. அதுக்கு நம்பர் கூடப் போட மாட்டோம். அந்த மாதிரிதான் போட்டேன், சத்தியமா. ஊரான் வீட்டுப் பொண்ணுங்களை எல்லாம் வரிசையில வச்சுட்டு, நம்ம வீட்டுது கடைசியில. கடைசின்னா மட்டம்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல. நம்பர் போட்டுட்டு வந்த கை, அதுக்கும் போட்டுடுச்சு."

இப்படி ஒரு தப்பை இந்த வீட்டில் பிறந்தவன் தவிர உலகத்தில் யாரும் செய்ய முடியாது. அதுதான் அவளை அடித்துப் போட்டது. பொய் என்று தள்ளிவிடலாம் என்றால், அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சிரிக்கலாம் போலவும் இருந்தது, அந்த விரிப்பை அவன் தலையில் போட்டு மூடி நாலு அடி அடிக்கலாம் போலவும் இருந்தது.

"சரி, எழுதினப்பத் தோணலை. மறுநாள் எல்லாரும் சிரிச்சாங்களே, அப்ப?"

"தோணுச்சு."

"அழிச்சிருக்கலாம்ல?"

"அந்த மையை எதை வச்சு அழிக்கறது?"

"என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள் அவள்.

கேப்டனின் கை தளர்ந்து விரிப்பின் ஒரு முனை தரையைத் தொட்டது. தொட்ட விரிப்பை மறுபடி துவைக்க வேண்டும். இருவரும் அதைப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை.

"வாயாலயாவது சொல்லியிருக்கலாமே, அண்ணா. இது அசிங்கத்துக்குப் போட்டதில்ல, எங்க வீட்டுப் பொண்ணுன்னு போட்டேன்னு. கிளாஸ் நடுவுல ஒரு தடவை. நீ சொன்னா கேட்டிருப்பாங்க. நீ தும்மினாகூடக் கை தட்டுவாங்க."

"அதனாலதான் சொல்லலை." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தட்டறதை நிறுத்திடுவாங்களோன்னு பயம். அந்த வயசுல அது மட்டும்தான் என்கிட்ட இருந்துச்சு. படிப்பா வந்துச்சு எனக்கு?" குனிந்தபடியே, "பஸ் ஸ்டாண்டு விஷயம் எனக்குத் திங்கட்கிழமைதான் தெரியும். அந்தச் சனிக்கிழமை நான் மேட்ச்ல இருந்தேன். ஒருத்தனைப் பிடிச்சு அடிச்சேன். ஏன் அடிக்கறேன்னு அவன்கிட்டச் சொல்லலை."

"என்கிட்டயும் சொல்லலை."

"ஆமா."

"ஒரு கறையைத் தேச்சுக் குடுத்தேனே, அப்பவும் சொல்லலை."

"நீ கேப்பேன்னு பாத்தேன். நீ கேக்கலை."

அதுவும் உண்மைதான். அவளுக்குக் கால் வலித்தது. இத்தனை வருடம் நின்ற வலி எல்லாம் அந்த நிமிடம் சேர்ந்து வந்தது போல இருந்தது. அவனை மன்னித்தாளா என்றால் இல்லை. கத்தித் தீர்க்கவும் தெம்பில்லை. ஒரு பையனின் பயத்துக்கும் அப்பாவின் வழக்கத்துக்கும் நடுவில் தன் வயசு முழுக்கப் போய்விட்டதே என்ற ஆற்றாமை மட்டும் இருந்தது. அதைக் கொண்டுபோய் யாரிடம் கொட்டுவது? தரையைத் தொட்ட விரிப்பை எடுத்து அழுக்கு மூட்டையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். மீதி அறுபத்தைந்தையும் மடித்து முடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை கொஞ்சம் அசந்தது. பத்து மணி வரை போவதில்லை என்ற முடிவில்தான் இருந்தாள். அவரும் பெஞ்சைப் பிடித்தவர்தானே. பதினோரு மணிக்கு, அவராக வந்து சொன்னாரே, யார் கேட்டார்கள் என்று தோன்றியது. பன்னிரண்டு மணிக்கு அம்மா கவுண்டரிலிருந்து, "நாலு மணிக்கு யாரோ எங்கேயோ போகணும்னாங்க, மழை விட்டிருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உடுத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒன்பது நாளாக, இன்றோடு பதின்மூன்று நாளாக, ஊரார் துணியே காயாதபோது வீட்டுத் துணியை யார் போட்டார்கள்? மாடிப்படிக்குக் கீழே நீலக் கூடையில் எல்லாம் கிடந்தன. அம்மாவின் துணி, அண்ணனின் துணி, அடியில் அவளுடையது. வெளியே போட்டுக்கொள்ளத் தகுந்த ஒரே நல்ல உடை, பச்சை நிறம், பூப்போட்டது, கூடையின் அடியில் கசங்கிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தாள். முகர்ந்திருக்க வேண்டாம்.

கூடையின் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயதில் ஒரு அழுக்குத் துணிக்காக அழுகிறோமே என்று வெட்கமும் வந்தது. சலவைக் கடையில் வாழ்கிற ஒருத்திக்கு வெளியே போக ஒரு வெளுத்த துணி இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பச்சை உடையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போகாமல், கடையைச் சுற்றிக்கொண்டு தெருப்பக்கமாக வந்தாள். கவுண்டருக்கு முன்னால், வாடிக்கையாளர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து கடை எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா சாப்பிடப் போயிருந்தாள், கேப்டன் கவுண்டரில் இருந்தான்.

அவள் துணியைக் கவுண்டரில் வைத்தாள்.

"எப்ப வேணும்?" என்றான் கேப்டன், பழக்க தோஷத்தில், சீட்டுப் புத்தகத்தை இழுத்துக்கொண்டே. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான்.

"மூணரைக்கு."

"ஓட்டல் லோடு மெஷின்ல ஓடுது. ட்ரையர்ல மேசை விரிப்பு. சாயங்காலம் நாலரைக்கு அவன் வண்டி..."

"மூணரைக்கு வேணும்" என்றாள் அவள் மறுபடி.

அவன் அவளைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். சீட்டுப் புத்தகத்தில் அடுத்த சீட்டைக் கிழித்து, துணியின் ஓரத்தில் வைத்துத் தைத்தான். அந்த வீட்டுத் துணிக்குச் சீட்டுப் போட்டது அதுதான் முதல் தடவை. பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் சத்தம் நடுவில் நின்றது. ஓட்டலின் ஈர விரிப்புகள் தொப்தொப்பென்று தரையில் விழுந்தன.

மூணரைக்குப் பச்சை உடை வந்தது. இஸ்திரியும் அவனே போட்டிருந்தான். பந்து உதைக்கத் தெரிந்தவனுக்கு மடிப்பு வைக்கத் தெரியவில்லை. இடுப்புக்கிட்ட கோணல், ஓரத்தில் இன்னும் ஈரம். மறுபடி போடலாமா என்று அவள் கை பரபரத்தது. போடவில்லை, அப்படியே உடுத்திக்கொண்டாள்.

"அந்தாளு சட்டையையும் எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா. "நாலு நாளா ஆணியில தொங்குது. போற வழியில குடுத்த மாதிரியும் இருக்கும், போன மாதிரியும் இருக்கும்."

"அவர் வந்து வாங்கிக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு அவள் வெறுங்கையோடு இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டு வாசலுக்கு வந்தபோது நாலு அடித்து ஐந்து நிமிடம். சிமெண்ட் பெஞ்சு இல்லை, அந்த இடத்தில் இரும்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எதிர்ச் சாரியில் பேக்கரி. கண்ணாடிக்கு உள்ளே, முதல் மேசையில், லிஃப்ட்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஒரு தண்ணீர் கிளாஸ் மட்டும் இருந்தது. அவளைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார், எழுந்த வேகத்தில் மேசையை இடித்து கிளாஸைக் கவிழ்த்தார். அதைத் துடைப்பதா இவளைப் பார்ப்பதா என்று தெரியாமல் திண்டாடினார்.

அவள் நடக்க ஆரம்பித்தாள். தலைக்குள் எண்ணிக்கையும் ஆரம்பித்துவிட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. அதை நிறுத்த அவளுக்குத் தெரியாது, எந்த நாளும் தெரிந்ததில்லை. பத்து, பதினொண்ணு, பன்னிரண்டு. ஈர ஓரம் காலில் ஒட்டியது. நடைபாதையிலிருந்து சாலையில் இறங்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு. முப்பத்தொண்ணு சரியாக நடுரோட்டில் வந்தது.

கால்கள் நின்றுவிட்டன. அவள் நிறுத்தவில்லை, அவைதான் நின்றன.

பின்னாலிருந்து ஒரு பஸ் அலறியது. டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "ஏம்மா! நிக்கற இடமா இது?"

"இல்லதான்" என்றாள் அவள்.

முப்பத்திரண்டு. முப்பத்து மூணு.